அட்டை மாற்றும் வழக்கம்: கணினி விளையாட்டாளரின் தேர்வும் அதன் தளைகளும்

விளையாட்டுக்கென்று வாங்கிய கணினியில் மற்ற உறுப்புகளைத் தொடாமல் வரைகலை அட்டையை மட்டும் கழற்றிவிட்டுப் புதியதொன்றைச் செருகுவது இன்று உலகெங்கும் பரவிவிட்ட வழக்கம். கடைகளில் கிராஃபிக்ஸ் கார்டு என்று வழங்கும் இவ்வட்டை, திரையில் தோன்றவேண்டிய காட்சியைக் கணக்கிட்டுத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, நொடிக்குப் பல முறை அதைத் திரைக்கு அனுப்பும் மின்சுற்றுப் பலகையாகும். இவ்வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் வேகம் பெருகிய கதையாகவே எழுதப்படுகிறது. ஆனால் மாற்று அட்டை தேடியவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று புலப்படும். எந்தக் காலத்திலும் அவர் அட்டையை மட்டும் தனியே தேர்ந்தெடுத்ததில்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்த திரை, அட்டை செருகும் இடம், மின்வழங்கி, அவர் விரும்பிய விளையாட்டு எழுதப்பட்டிருந்த முறை ஆகியவற்றுள் ஏதோவொன்று பாதித் தேர்வை முன்கூட்டியே செய்து முடித்திருந்தது. அது எது என்பதுதான் காலந்தோறும் மாறிவந்தது.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியின் தாய்ப்பலகையில், அதாவது எல்லா உறுப்புகளும் வந்திணையும் மதர்போர்டில், திரைக்குப் படம் அனுப்பும் சுற்று எதுவும் இல்லை. அன்று வீடுகளுக்கு விற்பனையான ஆப்பிள், காமடோர் கணினிகளில் அந்தச் சுற்று தாய்ப்பலகையிலேயே பதிந்திருந்தது. ஐ.பி.எம். பொறியாளர்களோ அதைத் தனி அட்டையாக்கி, பலகையிலிருந்த ஐந்து ஸ்லாட்டுகளுள், அதாவது கூடுதல் அட்டைகளைச் செருகும் நீண்ட பிளவுகளுள், ஒன்றில் செருகும்படி அமைத்தனர். வாங்குபவருக்கு இரண்டு அட்டைகள் காத்திருந்தன. எம்.டி.ஏ. எனப்பட்டது எழுத்துகளை மட்டும் ஒற்றை நிறத்தில், ஆனால் மிகத் தெளிவாகக் காட்டியது, சி.ஜி.ஏ. எனப்பட்டது 320-க்கு 200 புள்ளிகள் கொண்ட படத்தை நான்கு நிறங்களில் தீட்டியது, ஆனால் அதன் எழுத்துகள் கண்ணை உறுத்தின. கணக்கெழுதுபவர் முதலாவதையும் விளையாட விரும்பியவர் இரண்டாவதையும் வாங்கினர். இவ்விரண்டு அட்டைகளைவிட முக்கியமானது, ஐ.பி.எம். தன் ஸ்லாட்டின் மின் விவரங்களையும் சுற்று வரைபடங்களையும் கையேடாக அச்சிட்டு விற்றது என்பதாகும். அக்கையேட்டைப் படித்த எவரும் அந்தப் பிளவுக்குப் பொருந்தும் அட்டையைச் செய்து விற்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. அட்டை மாற்றும் வழக்கம் முழுவதும் அந்த அனுமதியிலிருந்து பிறந்தது.

அவ்வனுமதியை முதலில் பெரிய அளவில் பயன்படுத்திக்கொண்டவர் விளையாட்டாளர் அல்லர். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற வான் சுவன்னுகுல் என்னும் மாணவர். தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் கணினியில் எழுத விரும்பிய அவருக்கு எம்.டி.ஏ. உதவவில்லை, ஏனெனில் அதன் எழுத்து வடிவங்கள் மாற்றமுடியாதபடி ஒரு சில்லில் பதிக்கப்பட்டிருந்தன, சி.ஜி.ஏ.வும் உதவவில்லை, ஏனெனில் எழுத்தின் மேலும் கீழும் அமையும் குறிகளைக் காட்டப் போதிய புள்ளிகள் அதில் இல்லை. எனவே 720-க்கு 348 புள்ளிகளைத் தனித்தனியே ஒளிரச்செய்யும் அட்டையொன்றை அவரே வடிவமைத்து, 1982-இல் ஹெர்குலிஸ் என்ற நிறுவனத்தின் பெயரில் 499 டாலருக்கு விற்றார். ஐ.பி.எம். விற்ற ஒற்றை நிறத் திரையிலேயே இது வேலைசெய்தது என்பதால், வைத்திருந்த திரையை மாற்றாமல் அட்டையை மட்டும் மாற்றி முன்னைவிட மேலான படத்தைப் பெறுவது முதன்முறையாகப் பலருக்கும் கைகூடியது. இந்திய மொழிகளுக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. அதற்குத் தீர்வாகக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிப் புணேயின் சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் அட்டையும் அதே ஸ்லாட்டில் செருகப்பட்டே தமிழ் உள்ளிட்ட எழுத்துகளை டாஸ் இயங்குதளக் காலத்துத் திரையில் கொண்டுவந்தது. விளையாட்டுக்கு முன்பே எழுத்து அந்தப் பிளவைத் தேடி வந்தது என்பது இவ்வரலாற்றில் மறக்கப்படும் செய்தி.

1980-களின் எஞ்சிய ஆண்டுகளில் தேர்வைக் கட்டுப்படுத்தியது திரையே. 1984-இல் வந்த ஈ.ஜி.ஏ. 640-க்கு 350 புள்ளிகளில் பதினாறு நிறங்களைக் காட்ட வல்லது எனினும், அதன் முழுத்திறனைப் பெறத் தனித் திரை வேண்டியிருந்தது. 1987-இல் வந்த வி.ஜி.ஏ. நிறங்களை மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வாகவே அனுப்பியதால் பழைய ஒன்பது ஊசித் திரைகளை அதனோடு இணைக்கவே இயலவில்லை. அட்டையின் விலையோடு திரையின் விலையையும் கூட்டிப் பார்க்காதவர் ஏமாந்தார். விளையாட்டு நிறுவனங்களும் இச்சிதறலுக்கு ஈடுகொடுத்து, தொடக்கத் திரையிலேயே சி.ஜி.ஏ.வா, ஈ.ஜி.ஏ.வா, ஹெர்குலிஸா என்று கேட்டுவிட்டே விளையாட்டைத் தொடங்கின.

வி.ஜி.ஏ. நிலைபெற்றபின் கட்டுப்பாடு ஸ்லாட்டுக்கு இடம்பெயர்ந்தது. அக்கால அட்டைகள் தாமாக எதையும் பெரிதாகக் கணக்கிடவில்லை. கணினியின் மையச் செயலி ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டு அனுப்ப, அட்டை அதைத் தேக்கிவைத்துத் திரையில் காட்டியது. 1993 டிசம்பரில் வெளியான டூம் விளையாட்டு 320-க்கு 200 புள்ளிகளில், புள்ளிக்கு ஒரு பைட்டாக, நொடிக்கு 35 படங்கள்வரை தீட்டியது. அதாவது ஏறத்தாழ 22 லட்சம் பைட்டுகள் ஒவ்வொரு நொடியும் ஸ்லாட்டைக் கடந்து அட்டைக்குச் செல்லவேண்டும். 1984-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் மலிவான அட்டை இந்தச் சுமையில் திணறியது. செயலியின் தடத்தோடு அட்டையை நேரே இணைத்த வெஸா லோக்கல் பஸ் 486 செயலி கொண்ட கணினிகளில் சில ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்தியது. அச்செயலியின் அமைப்பையே நம்பியிருந்ததால் பென்டியம் வந்ததும் வழக்கொழிந்தது. செயலியைச் சாராமல் நொடிக்கு 133 மெகாபைட் கடத்த வல்ல இன்டெலின் பி.சி.ஐ. நிலைத்தது. அதற்கு முந்தைய அட்டைகளில் சிறு உலோக இணைப்பிகளைக் கையால் இடம்மாற்றி முகவரிகள் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்க, பி.சி.ஐ. அட்டையைக் கணினியே கண்டறிந்து முகவரி ஒதுக்கியது. தொழில்நுட்பப் பயிற்சியில்லாத ஒருவர் தம் கணினியைத் தாமே திறந்து அட்டை மாற்றத் துணிந்ததற்கு வேகத்தைக் காட்டிலும் இந்த எளிமையே பெருங்காரணம் எனலாம்.

1996-இல் நிகழ்ந்தது வேறு வகையான மாற்றம். சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி வெளிவந்த பொறியாளர்கள் 1994-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கிய 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம், வூடூ என்னும் சில்லுத் தொகுதியை முதலில் பொது விளையாட்டுக் கூடங்களின் இயந்திரங்களுக்கே எண்ணியிருந்தது. 1996-இல் நினைவகச் சில்லுகளின் விலை சரிந்ததால், 4 மெகாபைட் நினைவகத்தோடு கூடிய அட்டையை வீட்டுக் கணினிக்கும் தாங்கக்கூடிய விலையில் விற்க முடிந்தது. முப்பரிமாணக் காட்சியை முக்கோணங்களாகப் பகுத்து, அவற்றின்மேல் மேற்பரப்புப் படங்களைப் போர்த்தி, தொலைவுக்கேற்ப மறைக்கவேண்டியவற்றை மறைக்கும் வேலையை இவ்வட்டை செயலியிடமிருந்து தானே எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்குச் சாதாரணத் திரைக்காட்சியைத் தரத் தெரியாது. எனவே பழைய அட்டை தன் ஸ்லாட்டிலேயே இருக்க, அதிலிருந்து ஒரு சிறு கம்பி கணினியின் பின்புறமாக வூடூவுக்குச் சென்று, அங்கிருந்து திரைக்குப் போயிற்று; விளையாட்டு தொடங்கியதும் வூடூ பழைய அட்டையின் படத்தைத் துண்டித்துத் தன் படத்தை அனுப்பியது. ஆர்க்கிட் நிறுவனத்தின் அட்டையில் இந்தத் துண்டிப்பை இயந்திர ரிலே ஒன்று செய்ததால், அது மாறும் ஓசை பெட்டிக்கு வெளியிலும் கேட்டது.

1996 ஜூனில் வெளிவந்த குவேக் விளையாட்டு, முதலில் செயலியைக் கொண்டே தன் முப்பரிமாண உலகைத் தீட்டிற்று. 1997 ஜனவரியில் அதன் மறுவடிவமான ஜிஎல்குவேக் வெளியானபோது, வூடூ வைத்திருந்தவர்கள் அதே விளையாட்டை 640-க்கு 480 புள்ளிகளில், கட்டங்கட்டமாகத் தெரியாத மேற்பரப்புகளோடு, தடங்கலின்றி ஓடக் கண்டனர். ஒரே கணினி, ஒரே செயலி, ஒரே விளையாட்டு. அட்டை மட்டும் கூடியது. ஒரு விளையாட்டின் பெயரைச் சொல்லி அதற்கேற்ற அட்டை எது என்று கேட்கும் பழக்கம் வேரூன்றியது இக்காலத்தில்தான். 1996-இல் தாமஸ் பாப்ஸ்ட் தொடங்கிய டாம்ஸ் ஹார்ட்வேர், 1997-இல் ஆனந்த் லால் ஷிம்பி தொடங்கிய ஆனந்த்டெக் ஆகிய இதழ்த் தளங்கள் அட்டைகளை ஒரே விளையாட்டில் ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை படங்கள் என்ற எண்ணை வரைபடங்களாக வெளியிட்டு, அக்கேள்விக்கு விடைசொல்லும் தொழிலைத் தொடங்கிவைத்தன.

இந்த வெற்றிக்குள் ஒரு தளையும் இருந்தது. விளையாட்டு நிரல் அட்டையோடு பேசுவதற்கு ஒரு பொதுமொழி வேண்டும். 3டிஎஃப்எக்ஸ் அதற்கெனத் தன் அட்டைகளுக்கு மட்டுமே உரிய கிளைட் என்னும் இடைமுகத்தை உருவாக்கியிருந்தது. அன்ரியல் போன்ற விளையாட்டுகள் அதில் மிகச் சிறப்பாக ஓடியதால், வூடூ வாங்கியவருக்கு அடுத்த மாற்றும் வூடூவாகவே இருக்கவேண்டியதாயிற்று. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி எல்லா நிறுவன அட்டைகளுக்கும் பொதுவாக முதிர்ந்தபோது அந்தத் தளை உரிமையாளரையே இறுக்கியது. எஸ்.டி.பி. என்னும் அட்டைத் தயாரிப்பு நிறுவனத்தை வாங்கும் முடிவை 3டிஎஃப்எக்ஸ் 1998 இறுதியில் அறிவித்து, அட்டைகளைத் தானே செய்யத் தொடங்கியதால், அதுவரை அதன் சில்லுகளை வாங்கி அட்டை செய்துவந்த நிறுவனங்கள் போட்டியாளரான என்விடியாவிடம் சென்றன. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவுக்கே விற்க ஒப்புக்கொண்டது. சில மாதங்களுக்கு முன் வூடூ5 வாங்கியவர்களுக்குப் புதிய டிரைவர் மென்பொருள், அதாவது இயங்குதளத்துக்கும் அட்டைக்கும் இடையே நின்று பணிபுரியும் நிரல், இனி வரப்போவதில்லை என்றாயிற்று. ஆர்வலர்கள் ஊதியமின்றி எழுதித் தந்த டிரைவர்களே பின்னர் அவ்வட்டைகளை உயிரோடு வைத்திருந்தன. ஒரே நிறுவனத்தின் மூடிய மொழியை நம்பி வாங்குவதன் விலையை இதைவிடத் தெளிவாக எந்த நிகழ்ச்சியும் காட்டவில்லை.

இதே ஆண்டுகளில் ஸ்லாட்டும் இரண்டு முறை மாறியது. 1997-இல் வரைகலைக்கென்றே வந்த ஏ.ஜி.பி. தொடக்கத்தில் 3.3 வோல்ட்டிலும் பின்னர் 1.5 வோல்ட்டிலும் இயங்கியதால், தவறான இணை பொருந்தாதபடி அட்டையின் விளிம்பில் வெட்டுகள் இடப்பட்டன. வெட்டுகளைப் பார்க்காமல் வாங்கிய அட்டை பயன்படாமற் போயிற்று. 2004-இல் தாய்ப்பலகைகளில் இடம்பெற்ற பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஏ.ஜி.பி.யோடு எவ்வகையிலும் பொருந்தவில்லை என்பதால், அட்டை மாற்ற எண்ணியவர் தாய்ப்பலகையையும், பல சமயம் செயலியையும் நினைவகத்தையும் சேர்த்தே மாற்ற நேர்ந்தது. பழைய பலகையைக் கைவிட மனமில்லாதவர்கள் மிகப் பலர் இருந்ததால், இடையில் ஒரு மொழிபெயர்ப்புச் சில்லை வைத்து ஏ.ஜி.பி. அட்டைகளைச் செய்வது 2008-லும் தொடர்ந்தது. அன்று வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பிளவின் வடிவம் இருபதாண்டுகளுக்கும் மேலாக மாறாமல், வேகம் மட்டும் தலைமுறைதோறும் இருமடங்காகி, பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பொருந்தும்படி நிலைத்திருப்பது மாற்று அட்டை வாங்குவோருக்குக் கிடைத்த பெரும்பேறு.

பிளவு பொருந்திவிட்டால் போதும் என்ற எண்ணத்தைப் பெயர்கள் கெடுத்தன. என்விடியா 2001-இல் வெளியிட்ட ஜிஃபோர்ஸ்3, ஷேடர் எனப்படும் சிறு நிரல்களை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் ஒளியை எவ்வாறு ஏற்கவேண்டும் என்பதை விளையாட்டை எழுதுபவரே வகுத்துத்தரும் நிரல்களை, இயக்க வல்லதாய் இருந்தது. 2002 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஜிஃபோர்ஸ்4 எம்.எக்ஸ். பெயரில் ஓரெண் முன்னேயிருந்தும், உள்ளே ஜிஃபோர்ஸ்2 வழிவந்த சில்லைக் கொண்டு, புள்ளிகளுக்கான ஷேடர் வசதியின்றி வந்தது. டூம், குவேக் ஆகியவற்றின் நிரலாளரான ஜான் கார்மாக் அதை வாங்கவேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதினார். அடுத்த ஆண்டு இறுதியில் வந்த டியஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார் போன்ற விளையாட்டுகள் அவ்வட்டையில் தொடங்கவே மறுத்தன. 2004-இல் வேகத்தில் முன்னணியில் நின்ற ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் எக்ஸ்800, ஷேடர்களின் மூன்றாம் பதிப்பை அறியாததால், 2007-இல் வந்த பயோஷாக்கை இயக்க முடியாமற்போனது. அதன் போட்டியாளரான ஜிஃபோர்ஸ் 6800 வாங்கியவர்கள் மெதுவாகவேனும் விளையாடினர். ஒளிக்கதிர்களின் போக்கைப் பின்தொடர்ந்து காட்சியைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருளைக் கட்டாயமாக்கிய இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு 2024 டிசம்பரில் வெளிவந்தபோது, ஏழாண்டுகள் நன்றாக உழைத்த ஜிஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. அட்டைகளுக்கும் அதே கதி நேர்ந்தது. வேக வரைபடங்கள் அன்றைய விளையாட்டுகளை மட்டுமே அளந்தன; அட்டையோ அடுத்த ஐந்தாண்டுக்கென்று வாங்கப்பட்டது.

அளவைகளே நம்பத்தக்கவையா என்பதும் கேள்வியாயிற்று. 2001-இல் ஏ.டி.ஐ.யின் டிரைவர், குவேக் 3 விளையாட்டின் கோப்புப் பெயரைக் கண்டால் மட்டும் படத் தரத்தைக் குறைத்து எண்ணை உயர்த்துவது, கோப்பின் பெயரை மாற்றி ஓட்டிய சோதனையில் அம்பலமானது. இதைவிட ஆழமான திருத்தம் 2011 செப்டம்பரில் நிகழ்ந்தது. நொடிக்கு அறுபது படங்கள் என்னும் சராசரி, ஒரு படம் ஐந்து மில்லிநொடியிலும் அடுத்தது நாற்பது மில்லிநொடியிலும் வந்து கண்ணுக்குத் திக்கித் திணறுவதை மறைத்துவிடும் என்று டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாஸன் நிறுவினார். ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே அளக்கும் அவருடைய முறை பரவியபின், இரண்டு அட்டைகளை இணைத்து ஓட்டும் ஏற்பாட்டின் குறை வெளிப்பட்டு, ஏ.எம்.டி. நிறுவனம் 2013-இல் தன் டிரைவரைத் திருத்த நேர்ந்தது. வாங்குவோர் நலனுக்கு இத்துறையில் எழுத்தாளர் ஒருவர் ஆற்றிய மிகச் சிறந்த தொண்டு இதுவே.

மின்சாரம் மெல்ல வந்து சேர்ந்த தளை. 1990-களின் அட்டைகள் ஸ்லாட் தந்த மின்சாரத்திலேயே இயங்கின. 2000-இல் வூடூ5 5500-உம் 2002-இல் ரேடியான் 9700 புரோவும் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பியை வேண்டின. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் விதிப்படி ஸ்லாட் 75 வாட்டும், ஆறு ஊசி இணைப்பு மேலும் 75 வாட்டும், எட்டு ஊசி இணைப்பு 150 வாட்டும் தரலாம்; 2022 அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 மட்டும் 450 வாட்டுக்கென வகுக்கப்பட்டது. இதற்கு நேரெதிராக, 2014-இல் 60 வாட்டில் அடங்கிய ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., கூடுதல் கம்பியே இல்லாத அலுவலகக் கணினிகளையும் விளையாட்டுக் கணினிகளாக்கிற்று. உச்ச வேக அட்டைகளைவிட இத்தகைய அட்டைகளே இவ்வழக்கத்தை எளியோரிடம் கொண்டுசேர்த்தன.

தேர்வு என்பதே இல்லாமற்போன காலமும் உண்டு. 2015-இல் தொடங்கிய எத்தீரியம் என்னும் மறையீட்டு நாணயத்தின் கணக்கீடு நினைவக வேகத்தைச் சார்ந்திருந்ததால், விளையாட்டு அட்டைகள் பணம் ஈட்டும் கருவிகளாயின. 2017-லும், பெருந்தொற்றோடு சேர்ந்து 2021-லும் அட்டைகள் அறிவித்த விலைக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் நியூஎக் நிறுவனம் வாங்கும் உரிமையையே குலுக்கலில் கொடுத்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் அக்கணக்கீட்டைக் கைவிட்டதும், இரவுபகலாக ஓடிய அட்டைகள் பழைய பொருட் சந்தையில் வந்து குவிந்தன.

பஞ்சத்தின் நடுவே, 2022 ஜனவரியில், 199 டாலர் விலை அறிவித்து ஏ.எம்.டி. வெளியிட்ட ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி., பழைய கணினிக்கு மாற்று அட்டை தேடியவர்களையே குறிவைத்தது. ஸ்லாட்டின் பதினாறு தடங்களுள் நான்கை மட்டுமே அது பயன்படுத்தியதால், நான்காம் தலைமுறைப் பலகையில் ஓரளவு ஓடிய அட்டை, அவர்களிடம் உண்மையில் இருந்த மூன்றாம் தலைமுறைப் பலகையில் பாதிக் கடத்து வேகத்தோடு தடுமாறியது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட ஆர்க் ஏ770, செயலியை ஒரு நேரத்தில் 256 மெகாபைட்டுக்கு மேல் அட்டையின் நினைவகத்தைக் காணவிடும் ரீசைசபிள் பார் வசதியை எதிர்பார்த்தது. பழைய தாய்ப்பலகைகள் பலவற்றில் அது இல்லை. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 கிகாபைட் நினைவகத்தோடு வந்த இன்டெலின் பி580 பெரிதும் பாராட்டப்பட்டது. அட்டையின் திறனை மட்டும் பிரித்தறியவேண்டி, மதிப்பாய்வாளர்கள் எப்போதும் சந்தையின் மிக வேகமான செயலியோடு சேர்த்தே அட்டைகளை அளந்துவந்தனர். 2025 ஜனவரியில் சிலர் அவ்வட்டையைச் சில ஆண்டுகளுக்கு முந்தைய செயலிகளோடு அளந்தபோது, அதன் டிரைவர் செயலியின்மேல் சுமத்திய வேலையால் வேகம் வெகுவாகச் சரிவதும், அறிமுக நாளில் அது முந்தியிருந்த போட்டி அட்டைகள் அதை முந்துவதும் தெரியவந்தன. மலிவு விலை அட்டைகளைப் பழைய செயலிகளோடும் சேர்த்து அளப்பது மதிப்பாய்வாளர் சிலரிடம் அதன்பின் ஒரு முறையாகத் தொடங்கியிருக்கிறது.